தெரியாது என்று மைக்கில் சொன்னவர்

விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்கத்தான் நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவன் முப்பது வருடத்துக்கு மேல் புதுச்சேரியில் கால்பந்து பற்றி எழுதிப் பிழைத்தேன் என்றால் அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி நாலு வரி வந்தாலே முகம் சுளிப்பவர் அவர். ஆள் போய்ப் பல வருடமாகியும் அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. ஊரே அழைத்தபடி நானும் செக்ரெத்தேர் பாய் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

செக்ரெத்தேர் என்றால் பிரெஞ்சில் செயலாளர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் அவரை அப்படிக் கூப்பிட, மற்றவர்கள் பின்னால் ஒரு பாயைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜவுளி வியாபாரக் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் ஊரில் பந்தாட்டம் இருந்தது, ஒழுங்குதான் இல்லை. ஒரு டீம் இன்னொரு டீமைச் சவாலுக்குக் கூப்பிடும். ஆட்டம் முடிவதற்குள் அடிதடி வரும். பிறகு இரண்டு பேருக்கும் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. கடையைச் சகோதரர்களிடம் விட்டுவிட்டு முதலியார்பேட்டை, குருசுக்குப்பம், அரியாங்குப்பம் என்று சைக்கிளில் அலைந்து, முறைத்துக்கொண்டு நின்றவர்களை எல்லாம் ஒரு சங்கத்துக்குள் கொண்டுவந்து, லீக் என்று ஒன்றை நடத்திக் காட்டியவர் அவர். அந்த ஆட்டங்களைப் பற்றி எங்கள் பத்திரிகையில் எழுதியவரும் அவரேதான். அதற்கு முன்னால் ஊர்ப் பந்தாட்டத்துக்குப் பத்திரிகையில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் தலைவலித் தைல விளம்பரம் வராமல் இருக்க வேண்டும்.

சங்கத்தை நடத்துகிறவரே சங்கத்தைப் பற்றிச் செய்தி எழுதலாமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். மறுநாள் பத்திரிகையில் அவர் எழுதிய ஆட்டச் செய்தியின் முதல் வரி இப்படி இருந்தது: "மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடப்படாததால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது, இது செயலாளரின் கவனக்குறைவு." அதைப் படித்துவிட்டு சங்கத் தலைவர் கொதித்துப்போய் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "செயலாளர நானும் கண்டிச்சிட்டேன், இனிமே ஒழுங்கா இருப்பாரு" என்றார். தலைவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் ஜெயித்தவர்களைச் சூழ்ந்துகொண்டு நிற்போம். அவர் நேராகத் தோற்றுப்போன டீமின் கோல்கீப்பரிடம் போவார். அவன் மண்ணும் வியர்வையுமாக, யாரைக் கடித்துக் குதறலாம் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகக் கேட்பார்: "தம்பி, கோலு யாரு அடிச்சது?" கும்பலில் விழுந்த கோலுக்கு ஜெயித்த பக்கத்தில் எப்போதும் இரண்டு மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். கீப்பர் ஒருவன்தான் பந்து எந்தக் காலிலிருந்து வந்தது என்பதைக் கண்கொட்டாமல் பார்த்தவன். அதைச் சொல்வதில் அவனுக்கு லாபமும் கிடையாது. ஜெயித்தவன் சொன்னதைத் தோற்றவனும் ஒப்புக்கொண்டால்தான் அது செய்தி, இல்லாவிட்டால் வெறும் பேச்சு என்பது பாயின் கணக்கு. லீக்கில் ஆடிய கீப்பர்கள் அத்தனை பேரும் அவரிடம் ஒட்டிக்கொண்டது இதனால்தான். தோற்ற நேரத்தில் அவர்களை ஒரு மனுஷனாக மதித்து வேறு யார் போய்ப் பேசினார்கள்?

இதெல்லாம் எழுத்து வேலைக்கு மட்டும் உதவும் சங்கதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அரியாங்குப்பமும் குருசுக்குப்பமும் மோதிய அந்த இறுதி ஆட்டம் வரைக்கும்.

நான் அப்போது பத்திரிகையில் அவருக்கு உதவி, சங்கத்திலும் அவருக்கு உதவி. அன்றைக்குப் பந்தலுக்குக் கீழே மைக் என் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்து ஜனங்கள் லாரி லாரியாக வந்து, மைதானத்தின் ஒரே வாசலை ஒட்டி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் முழுவதும் குருசுக்குப்பம். கடலுக்குப் போகாமல் ஊரே கிளம்பி வந்திருந்தது. நடுவில் கயிறு ஒன்றுதான் கட்டியிருந்தோம்.

இரண்டாம் பாதியில் அரியாங்குப்பத்துக்குக் கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. அவர்களுடைய ஃபார்வர்டு தலையால் முட்ட எழும்பினான். குருசுக்குப்பத்துக் கீப்பர் குத்தித் தள்ள எழும்பினான். பந்தைக் குத்தப் போன கை அந்த ஃபார்வர்டின் தலையில் இறங்கியது. அவன் அப்படியே மல்லாக்க விழுந்தான். பந்து உள்ளே உருண்டது. ரெஃப்ரி விசில் ஊதினார். அது கோலுக்கா, ஃபவுலுக்கா என்று அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்தும் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து அவனையும் அவன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனது. அவன் அண்ணன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, வண்டியைப் பிடிக்க முடியாமல் பந்தலுக்கு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வாசலில் நுழைந்தான். "போயிட்டான்பா! போயிட்டான்!" என்று கத்திக்கொண்டே வந்தான். அரியாங்குப்பத்துப் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. கயிறு ஒரு இடத்தில் அறுந்தது.

பாய் ஓடிப்போய் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இன்னா பாத்த? பாத்தத மட்டும் சொல்லு."

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு இருந்தேன் பாய். வெள்ளத் துணி போத்தித் தள்ளிகினு போனாங்க."

"மொகத்தப் பாத்தியா?"

"மூடிட்டாங்களே, எப்பிடிப் பாக்குறது?"

"அப்ப அது அவன்தான்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவுங்க அம்மா வாசல்ல உக்காந்து அழுவுறாங்க பாய்."

"அடிபட்டுக் கெடக்குற புள்ளைக்கு அம்மா அழுவாம இன்னா செய்வா?" என்றார். அந்த ஆள் சைக்கிளை விட்டு இறங்கினான். ஆனால் அவன் சொன்ன ஒரு வார்த்தை அதற்குள் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. உங்கள் காலத்தில் அவனுக்குச் சைக்கிள்கூட வேண்டாம், போனில் குரூப்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் ஆள் அதே ஆள்தான். கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது. துடித்துப்போய்தான் வந்தான். அவன் எதையும் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

பந்தலுக்குள் இப்போது பாயைச் சுற்றி நெருக்க ஆரம்பித்தார்கள். சங்கத் தலைவர் அவர் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. "பையன் நல்லா இருக்கான், டாக்டர் சொல்லிட்டாருன்னு மைக்ல போட்டு வுடுங்க பாய். கூட்டம் கலைஞ்சி போவட்டும். மத்தத நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"யாராவது ஒரு டாக்டர்!"

"இன்னொருத்தன் இப்ப சைக்கிள்ல வந்து வேற மாதிரி சொன்னா? அப்புறம் நம்ம மைக்க எவன் நம்புவான்?"

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு வேறு யோசனை. கீப்பரை ஜீப்பில் ஏற்றி அங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும் என்றார். கேட்டால் நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கீப்பர் இருபது வயதைத் தாண்டாத பையன். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பாய் வாசலைக் கை காட்டினார்.

"ஜீப்பு எந்தப் பக்கம் சார் போவும்? இருக்குறது ஒரு வாசலு. அங்க உக்காந்திருக்குறது பூரா அரியாங்குப்பம். இவன ஏத்துனா, ஓடப் பாக்குறான்னுதான நெனைப்பாங்க?"

"பையனுக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பொறுப்பா?"

"பொறுப்பு" என்றார் பாய்.

எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய், எத்தனை பேரைக் காப்பாற்றும்! பெரிய தருமராஜா மாதிரி நிற்கிறாரே என்று மனசுக்குள் திட்டினேன். அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"அரியாங்குப்பத்துலேருந்து வந்தவங்க கேளுங்க. குருசுக்குப்பத்துலேருந்து வந்தவங்களும் கேளுங்க. பையன் எப்பிடி இருக்கான்னு எனக்குத் தெரியாது."

கூட்டம் அதை எதிர்பார்க்கவில்லை. மைக் பிடிக்கிறவன் எதையாவது தெரிந்த மாதிரிதான் பேசுவான் என்று பழகிப்போன காதுகள். சத்தம் சட்டென்று பாதியாகக் குறைந்தது.

"செத்துட்டான்னு ஒருத்தரு சொல்றாரு. அவரு மொகத்தப் பாக்கல. நல்லா இருக்கான்னு என்னச் சொல்லச் சொல்றாங்க. அதையும் யாரும் பாக்கல. பாத்துட்டு வர ஆளு அனுப்புறேன். அவங்க வந்து இதே மைக்ல சொல்லுவாங்க. நல்லதோ கெட்டதோ, உங்களுக்கும் எனக்கும் ஒரே நேரத்துல தெரியும். அதுவரைக்கும் ஒக்காருங்க."

பிறகு அடிபட்டவனின் அண்ணனைக் கூப்பிட்டார். குருசுக்குப்பத்துப் பக்கத்திலிருந்து கீப்பரின் தாய்மாமனையும் கூப்பிட்டார். மீன்பிடிக்கிற, பாறை மாதிரி ஆள். பாய் தன்னுடைய ஸ்கூட்டர் சாவியை அண்ணன் கையில் வைத்தார்.

"ரெண்டு பேரும் சேந்து போங்க. சேந்து பாருங்க. சேந்து வாங்க. தனியா வந்தா மைக்கு கெடையாது."

அண்ணன் சாவியை நீட்டித் திருப்பிக் கொடுக்க வந்தான். "இவங்கூடயா? இவன் மருமவன்தான் பாய் எந்தம்பிய அடிச்சான்!"

"அதனாலதான் சொல்றேன். நீ மட்டும் போயி வந்து சொன்னா அந்தப் பக்கம் நம்பாது. அவன் மட்டும் சொன்னா ஒங்க பக்கம் நம்பாது. நீங்க ரெண்டு பேரும் கூடிப் பேசிப் பொய் சொல்ல மாட்டீங்க இல்ல?"

அந்த நிலையிலும் தாய்மாமனுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தான். வாசலில் இருந்த கூட்டம் வழி விட்டது. அடித்தவன் வீட்டு ஆளையும் அடிபட்டவன் வீட்டு ஆளையும் ஒரே ஸ்கூட்டரில் பார்த்ததும் கல்லைக் கையில் வைத்திருந்தவனுக்குக்கூட என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோற்ற கீப்பரிடம் போய்க் கேட்கிற அதே வேலையைத்தான் அவர் இங்கேயும் செய்திருக்கிறார். பத்திரிகைக்காரராக இத்தனை வருடம் பழகிய கை, செயலாளராக நிற்கும்போது தானாகவே அதைச் செய்துவிட்டது. இதை உங்களிடம் எப்படிப் புகழ்ந்து சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சாதாரண நாளில் ஒழுங்காக இருப்பவனுக்குத்தான் ஆபத்து நாளில் அது கை கொடுக்கும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

காத்திருப்பதுதான் கொடுமை. பாய் பந்தலுக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இரண்டு நாற்காலி போடச் சொன்னார். ஒன்றில் அவர் உட்கார்ந்தார். இன்னொன்றில் கீப்பரை உட்கார வைத்தார். பையன் தலை நிமிரவே இல்லை. "வேணும்னே அடிக்கல பாய்... நான் வேணும்னே அடிக்கல" என்று வார்த்தை குழறிக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுக்கச் சொன்னார்.

அவ்வப்போது எழுந்து மைக்கில் பேசுவார். "இன்னும் வரல." உட்கார்ந்துவிடுவார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "இன்னும் வரல. ரோட்டதான் பாத்துகினு இருக்கேன்." அரியாங்குப்பத்துப் பக்கம் ஒருவன் கத்தினான்: "வரலன்றத வேற சொல்லணுமா பாய்? எங்களுக்குக் கண்ணு இல்ல?" நாலு பேர் சிரித்தார்கள். நான்கூட ஏன் இப்படிச் சும்மா சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், அவர் பேசாமல் விட்ட ஓர் இடைவெளியில்தான் ஒரு மூலையில் முணுமுணுப்பு கிளம்பியது. மைக் மௌனமானால் அந்த இடத்தை நிரப்ப வேறு ஆள் தயாராக இருந்தான். அவர் மறுபடி "இன்னும் வரல" என்றதும் அடங்கியது.

ஒரு செருப்பு பறந்து வந்தது. கீப்பரின் காலடியில் விழுந்தது. அடுத்து கல்தான் என்று நினைத்தேன். பாய் குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, மேசைக்குக் கீழே ஒழுங்காக வைத்தார். மைக்கை எடுத்தார்.

"ஒரு செருப்பு வந்திருக்கு. எடது காலு. ஒத்தக் காலு செருப்போட ஆத்தத் தாண்டி வீட்டுக்குப் போறது கஷ்டம். யாருதுன்னு வந்து சொன்னா குடுத்துடுறேன்."

யாரும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதுவும் பறந்தும் வரவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மைதானமே திரும்பியது. இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவன் அண்ணன்காரன். அழுதுகொண்டு வந்தான். தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வந்தான். அரியாங்குப்பத்துப் பக்கம் மொத்தமும் எழுந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் கயிற்றைத் தாண்டிவிட்டார்கள். தாய்மாமன் பாய்ந்து மைக்கைப் பிடித்து, "உசுரோட இருக்கான்! உசுரோட இருக்கான்!" என்று கத்தினான்.

"டேய், நீ பேசாத! நீ அவுங்க ஆளு!" என்று நூறு குரல் வந்தது.

இன்ஸ்பெக்டர் லத்தியைக் கையில் எடுத்துவிட்டார். பாய் தாய்மாமனிடமிருந்து மைக்கை வாங்கி அண்ணனின் வாய்க்கு நேரே பிடித்தார். "பேசுப்பா" என்றுகூடச் சொல்லவில்லை. தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். அவன் அழுகிற சத்தம் லவுட்ஸ்பீக்கரில் மைதானம் முழுக்கக் கேட்டது. எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி நானே எதையாவது சொல்லிவிடலாமா என்று இருந்தது. அவர் அசையவில்லை. அந்த அண்ணனே சொல்ல வேண்டும், அவனால் எப்போது முடிகிறதோ அப்போது சொல்ல வேண்டும் என்று நின்றார்.

கடைசியில் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

"கண்ணத் தொறந்துட்டான்... கண்ணத் தொறந்து என்னப் பாத்து மொத வார்த்த... கோலு குடுத்துட்டாங்களான்னு கேக்குறான்."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கயிற்றைத் தாண்டி வந்தவர்களில் ஒருவன், "குடுக்கலன்னு சொல்லிடாத, மறுபடியும் மயக்கம் போட்டுருவான்!" என்று கத்தினான். மைதானம் வெடித்துச் சிரித்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இல்லாமல் சிரித்தது. கீப்பர் பையன் மட்டும் முகத்தை முட்டியில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ரெஃப்ரி அதைக் கோல் இல்லை என்றார். பந்து கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே விசில் ஊதிவிட்டாராம். மிச்ச ஆட்டத்தை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தோம். கீப்பர் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அண்ணன்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏறு, போலாம்" என்று அவனை அதே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஸ்கூட்டர் தன்னுடையது என்று பாய்க்கு ஞாபகம் வந்தபோது அவர்கள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள்.

அதனால் நானும் அவரும் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தே போனோம். வழியில் அவர், "இன்னைக்கி செய்திய நீ எழுது" என்றார்.

"நீங்க எழுதலயா பாய்? நீங்கதான எல்லாத்தையும் பாத்தீங்க?"

"பாத்தேன். ஆனா இன்னைக்கி நானும் உள்ள எறங்கி ஆடிட்டேன். ஆடுனவன் எழுதக் கூடாது."

என் மனசில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டால் அபசகுனம் மாதிரி இருக்குமோ என்று தயங்கினேன். கேட்டும்விட்டேன்.

"பாய், அந்த ரெண்டு பேரும் வேற சேதியோட வந்திருந்தா? பையன் நெசமாவே போயிருந்தா?"

"அதையும் அதே மைக்லதான் சொல்லச் சொல்லியிருப்பேன்."

"கூட்டம் அந்தக் கீப்பர உசுரோட வுட்டிருக்குமா?"

அவர் நடையை நிறுத்தவில்லை. ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வுட்டிருக்காது. அதனாலதான அவன எம்பக்கத்துல ஒட்டி உக்கார வச்சேன். என்னத் தாண்டித்தான அவங்கிட்ட வரணும்?"

பாய் ஒல்லியான மனிதர். எங்கள் அலுவலகத்து மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும், பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்கும் நின்றார். நான் இரண்டு படி கீழே, அவர் மூச்சு சீராகும் வரை நின்றுகொண்டிருந்தேன்.